நாடா படாத தலை

எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பொம்மை வந்தது, தனக்கு வரவில்லை. ஷட்டர்க்காரரின் வயிற்றெரிச்சல் இதுதான். தலை நரைத்தது, முட்டி தேய்ந்தது, கடைவாய்ப் பற்கள் போயின. இது மட்டும் போகவில்லை. கடைவீதி முழுக்க இவர் மாட்டிய ஷட்டர்கள்தான். இத்தனை பெரிய மனிதன் பொம்மைக்காகப் புலம்பினால் வீதியே கைகொட்டிச் சிரிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் வெளியே மூச்சு விடுவதில்லை. மனைவியிடம் மட்டும் சொல்வார். அதுவும் கோபம் எங்கோ தொடங்கி, சுற்றி வளைத்து, கடைசியில் அங்கே போய் முட்டும்போதுதான்.

"டீயில சர்க்கரை இல்லன்னு ஆரம்பிச்சீங்க, இப்ப எதிர்வீட்டுப் பொம்மையில வந்து நிக்கிறீங்க. எந்த ரோட்டுல கிளம்பினாலும் உங்களுக்கு அதுதான் கடைசி ஸ்டாப்பு" என்பாள் அவள்.

அவள் கிண்டல் செய்தாலும் விஷயம் நடந்ததுதான். இவர் பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், அவர்கள் குடியிருந்த தெருவுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். கவனிக்க ஆளில்லாமல் வளரும் பிள்ளைகள் பிற்காலத்தில் என்ன ஆகிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள். மாதத்துக்கு ஒரு தடவை ஒரு அம்மா வீடு வீடாக வருவாள். துணி நாடாவால் பிள்ளையின் தலையைச் சுற்றி அளப்பாள், கையைப் பிடித்துப் பார்ப்பாள், நாலு வார்த்தை பேச்சுக் கொடுப்பாள், போகிற போக்கில் வீட்டையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றுவாள். தெருவே அவளை நாடாக்காரம்மா என்று கூப்பிட்டது. எந்த வீட்டில் பிள்ளையைக் கவனிக்க ஆளில்லை என்று அவளுக்குப் பட்டதோ, அந்த வீட்டுக்கு இன்னொரு அம்மா வர ஆரம்பிப்பாள். அவள் பொம்மைக்காரம்மா. தோளில் பெரிய துணிப்பை. அதற்குள் வண்ணக் கட்டைகள், கயிறு கட்டி இழுக்கும் வாத்து, கிலுகிலுப்பை. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையோடு விளையாடுவாள். எப்படிப் பேச வேண்டும், எப்படித் தூக்க வேண்டும் என்று தாய்க்கும் பக்குவமாகச் சொல்லித் தருவாள்.

எதிர்வீட்டுக்கு அவள் வந்தாள். இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வாத்து தரையில் தடதடவென்று ஓடும் சத்தம் இந்த வீடு வரைக்கும் கேட்கும். இன்றைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்று காத்திருந்தார். வரவில்லை. ஏனென்றால் நாடாக்காரம்மா இந்த வீட்டை நல்ல வீடு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

நல்ல வீடாம்! அப்பா லாரி ஓட்டப் போனவர், வருவது குறைந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் நின்றே விட்டார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அவ்வளவுதான், அப்புறம் அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அடித்ததில்லை. திட்டியதில்லை. சூடு வைத்ததில்லை. பிள்ளை கூப்பிட்டால் கேட்காதவள் போலக் கிடப்பாள். கொஞ்ச நாளில் பிள்ளையும் கூப்பிடுவதை விட்டுவிட்டது. அடி வாங்கினவன் தழும்பைக் காட்டி நியாயம் கேட்கலாம். ஒன்றுமே நடக்காததை எவனிடம் போய் எப்படிக் காட்டுவது? படித்தவள், கண் இருந்தது, நாடா இருந்தது, வந்து பார்த்துவிட்டு நல்ல வீடு என்று சொன்னாளே, அவள் கண் அவிந்தா போயிற்று? இதுதான் ஷட்டர்க்காரர் வருஷக்கணக்காக மென்றுகொண்டிருந்த கேள்வி.

அந்த வீட்டில் எல்லாமே அக்காதான். அக்கா பெரியவள், சமாளித்தாள். இவர் எப்போது தன் கதையைச் சொன்னாலும் இந்த ஒரு வரியில் அக்கா முடிந்துவிடுவாள்.

ஆனால் அக்கா ஒரு வரியில் முடிகிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதின்பருவத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். வெந்நீரும் சோப்புத் தூளும் பட்டுப் பட்டு விரல் நுனியில் ரேகை இல்லாமல் போனது. இயந்திரத்திலிருந்து சுடச்சுட வெளியே வரும் படுக்கை விரிப்பைத் தனியாளாக மடிப்பாள். மற்றவர்களுக்கு அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவள் ஒரு முனையைத் தாடையில் இடுக்கி, கைகளை விரித்து, ஒரே உதறில் ஓரத்தோடு ஓரம் சேர்த்துவிடுவாள். கூடத்தில் அவளுக்குப் பெயரே மடிப்பு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. பாலிதீன் பை, பழைய துண்டு, டீக்கடைக் காகிதம், எது கிடைத்தாலும் நாலாக மடித்துவிடுவாள்.

"மடிப்பக்கா, உன்னை விட்டா எங்களையும் மடிச்சு அலமாரியில வச்சுருவ போலிருக்கே" என்று கூட வேலை செய்கிறவர்கள் சீண்டுவார்கள்.

"உன்னை மடிக்க முடியாதுடி. வயிறு இடிக்கும்" என்பாள்.

கல்யாணப் பேச்சு எடுத்தவர்களுக்கும் பதில் வைத்திருந்தாள். "ஒருத்தனை வளர்த்து ஆளாக்கினதே போதும். மாமியார் பாதி வளர்த்து அனுப்புற இன்னொருத்தன எவ வளக்கிறது?" சிரித்துக்கொண்டே சொல்வதால் அதற்கு மேல் யாரும் கிளறவில்லை. தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும், அவனைக் கையைப் பிடித்து ஷட்டர் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். கடைசிக் காலத்தில் அம்மாவுக்கு எடுத்துக் கொட்டியதும் அவள்தான். தம்பி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அவளிடம் சில விசித்திரங்கள் உண்டு. உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். அடுப்படியில் நின்றபடியே, தட்டு கூட இல்லாமல், பாத்திரத்திலிருந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். கதவு தட்டப்பட்டால் உடனே திறக்க மாட்டாள். சட்டென்று எழுந்து, தலைமுடியை ஒதுக்கி, பாயைச் சுருட்டி, பாத்திரத்தை மூடி, அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளை நீக்குவாள். வந்தது பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தாலும் இதே கதைதான்.

"அண்ணி, நான்தான்! ராணியா வந்திருக்கா, இவ்வளவு நேரம்?" என்று தம்பி மனைவி வெளியே நின்று கத்துவாள்.

"இரு இரு, வந்துட்டேன்" என்று உள்ளே எதையோ மடிக்கும் சத்தம் கேட்கும்.

போன மழைக்காலத்தில் அவள் சலவைக்கூடத்திலேயே சாய்ந்துவிட்டாள். கால் இரண்டும் தூண் போல வீங்கியிருந்தன. சிறுநீரகம் வேலையை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது என்றார் டாக்டர். "இவ்வளவு தூரம் முத்தவிட்டிருக்கீங்களே, வலிச்சா சொல்ல மாட்டீங்களா?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டார்.

"யாருகிட்ட?" என்றாள் அக்கா. எதிர்த்துப் பேசும் குரல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

தான் மடித்த விரிப்புகள் போகிற அதே வார்டில் அவளும் படுத்தாள். முதல் நாளே விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, "எவ மடிச்சா இதை? நாய் வாயில அகப்பட்ட மாதிரி இருக்கு" என்று முகம் சுளித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆராய்ச்சிக்காரம்மா பட்டறைக்கு வந்தாள். சின்ன வயதுதான், நடந்தே வந்ததில் முகம் சிவந்திருந்தது. ஷட்டர்க்காரர் பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குந்தி, அறுந்த ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க சின்னப் பிள்ளையில எங்க ஆராய்ச்சியில இருந்தீங்கண்ணா. அப்ப பார்த்தவங்களை எல்லாம் இப்ப மறுபடி பார்க்கிறோம்" என்றாள்.

ஸ்பேனர் நின்றது. "நான் எங்கம்மா இருந்தேன்? நான் பாட்டுக்கு வீட்டுல கிடந்தேன். நீங்கதான் வந்தீங்க. வந்து, பாத்து, பிரமாதம்னு சொல்லிட்டுப் போனீங்க."

"திட்டணும்னா திட்டுங்கண்ணா. நேத்துப் பார்த்த வீடுகள்ல கதவையே திறக்கல. நீங்க ஷட்டரைப் பாதியாவது திறந்து வச்சிருக்கீங்க." அவள் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்களுக்கு ஒரு சிக்கல். அப்ப நல்ல வீடுன்னு முடிவு பண்ணின வீட்டுப் பிள்ளைங்கள்ல சில பேரு, கவனிப்பே இல்லாம வளர்ந்தவங்க மாதிரியே ஆகியிருக்காங்க. அதே ரத்தக்கொதிப்பு, அதே தூக்கமில்லாமை. பசிச்சாலும் தெரியாது, வலிச்சாலும் சொல்ல வராது. ஏன்னு எங்களுக்குப் புரியல. இதைக் காட்டியே சில பேரு, கவனிப்புக்கும் பிள்ளை பின்னால எப்படி ஆகுதுங்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல, இந்த ஆராய்ச்சிய மூடிருங்கன்னு பேசுறாங்க."

"மூடுங்களேன். எனக்கு என்ன வந்துச்சு?"

"மூடலாம். ஆனா இப்ப இருக்கிற பிள்ளைங்க வீட்டுக்குப் பொம்மையோட ஆள் அனுப்பணும்னு கேட்டா, எதுக்குன்னு கேப்பாங்க. காட்டுறதுக்கு எங்க கையில ஒண்ணும் இருக்காது."

பொம்மை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஷட்டர்க்காரருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எழுந்து, கிரீஸ் கையாலேயே வாசலைக் காட்டினார். "பொம்மை அனுப்ப வேண்டியப்ப அனுப்பல. இப்ப வந்து என் ரத்தக்கொதிப்ப அளக்கப் போறீங்களா? கிளம்பும்மா." அவள் வெளியே போனதும், ஸ்பிரிங் இல்லாத ஷட்டரைக் கையால் இழுத்துக் கீழே விட்டார். அது இடி விழுந்தது போல விழுந்தது. அவள் ஒரு சீட்டில் தன் நம்பரை எழுதித் தகட்டின் இடுக்கில் செருகிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வார்டுக்குப் போய், தான் விரட்டியதைப் பெரிய வீரச் செயல் போல அக்காவிடம் நடித்துக் காட்டினார். சிரிப்பாள் என்று பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. விரிப்பின் ஓரத்தைப் பிடித்து மடிக்க ஆரம்பித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நீ போ" என்றாள்.

"எங்க?"

"அந்தப் பொண்ணுகிட்ட. போய் உக்காந்து கேக்கறதுக்குப் பதில் சொல்லு. பொய் சொல்லாத."

"உனக்கு எதுக்குக்கா இந்த வேலை?"

"நான் உங்கிட்ட ஏதாச்சும் கேட்டிருக்கேனா இதுவரைக்கும்?"

யோசித்துப் பார்த்தால் இல்லை. அந்த ஒரு கேள்விக்குக் கட்டுப்பட்டுத்தான் அவர் போனார்.

ஆராய்ச்சி நடந்த இடம் ஒரு சின்ன அறை. மேஜை, இரண்டு நாற்காலி, சுவரோரம் கம்ப்யூட்டர். கையில் பட்டை கட்டி ரத்தக்கொதிப்பு பார்த்தார்கள். கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிறகு காதில் ஒரு கருவியை மாட்டி, வரிசையாகச் சில சத்தங்கள். மழை, ஹாரன், யாரோ சிரிப்பது. ஒரு கைக்குழந்தை அழுதது. அது அழுது ஓய்ந்த பிறகுதான், தான் நாற்காலியில் இல்லை, கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. கருவியின் ஒயர் முழு நீளத்துக்கு இழுபட்டிருந்தது. எப்போது எழுந்தார், எப்படி வந்தார், ஒன்றும் நினைவில்லை. தன் மகள் குழந்தையாக இருந்தபோது அவள் அழும் நேரமெல்லாம் தான் பட்டறையில் இருந்தது சட்டென்று மனதில் தட்டியது. வேலை இருந்ததால் போனோம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார்.

ஆராய்ச்சிக்காரம்மா அவர் காதிலிருந்து கருவியைக் கழற்றினாள். தண்ணீர் கொடுத்தாள். உட்கார்ந்த பிறகு கேள்விகள். சின்ன வயதில் உங்களைத் தொட்டுத் தூக்கினவர்கள், தலை வாரினவர்கள் யாராவது உண்டா என்று ஒரு கேள்வி.

முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது. "அக்கா! அவ கெட்டிக்காரிம்மா. சீப்பைத் தண்ணியில முக்கி, சில்லுன்னு வச்சு, வகிடு எடுப்பா பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். முகத்துக்குப் பவுடர். பக்கத்து வீட்டுல இரவல் சட்டை வாங்கி மாட்டிவிடுவா. பாய் விரிச்சு, மேல வெள்ளைத் துணி போட்டு, அம்மாவைக் கூடத் தூக்கி உக்கார வச்சு, முதுகுக்குத் தலையணை முட்டுக் குடுத்து, கையில ஒரு தையல் துணியக் குடுத்துருவா. அடுப்புல பானை. உள்ள பாத்தா வெறும் தண்ணிதான்! ஆவி பறக்கும், என்னமோ சோறு பொங்குற மாதிரி." அக்காவின் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரித்தார். "சாப்பிட்டியான்னு யாராவது கேட்டா, வயித்தைத் தட்டிக்கிட்டு, சாப்பிட்டேன்னு சொல்லணும். அதையும் சொல்லிக் குடுத்து வச்சிருந்தா."

அவளும் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "தினமுமாண்ணா?"

"தினமும் ஏது? அது அந்த..."

வாய் திறந்தபடியே நின்றது. அந்தக் குளிர்ந்த சீப்பு இப்போது மண்டையில் வைத்தது போல இருந்தது.

"நாடாக்காரம்மா வர்ற நாளுல" என்றார் மெதுவாக. "இன்ன நாள் வர்றோம்னு சொல்லிட்டுத்தான் வருவாங்க."

ஆராய்ச்சிக்காரம்மாவின் சிரிப்பும் அடங்கிவிட்டது. "இதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்ல" என்றாள். பிறகு ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் வெளியே போய்விட்டார்.

வார்டு ஒரே இரைச்சலாக இருந்தது, பார்வையாளர் நேரம். அவர் போய்க் கட்டிலடியில் நின்றார். உட்காரவில்லை.

"நீதானா?" என்றார்.

அக்காவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "ஆமா" என்றாள்.

"ஏன்?"

"குழாயடியில பேசிக்கிட்டாங்கடா. கவனிக்க ஆளில்லாத பிள்ளைங்கள வண்டியில ஏத்திட்டுப் போயிருவாங்கன்னு. உன்னையும் ஏத்திட்டா? நான் என்ன பண்ணுவேன்?"

"பொம்மைதான கொண்டுவந்தா அவ!"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"எதிர்வீட்டுக்கு வந்தப்பத் தெரிஞ்சுச்சுல்ல? அப்புறமும் ஏன் என்னைச் சீவிச் சிங்காரிச்சு உக்கார வச்ச?"

அவள் விரிப்பின் ஓரத்தை நீவினாள். "அப்புறம் எப்படி மாத்துறது?" என்றாள். "போன மாசம் வரைக்கும் பளபளன்னு இருந்த வீடு இந்த மாசம் நாறினா, இத்தனை நாளா ஏமாத்தினியான்னு கேப்பாங்கள்ல? அதுக்கும் சேத்துப் பிடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு பயம். நீ ஜன்னல்ல தொங்கினது எனக்குத் தெரியாதா? பழைய செருப்புல ஒரு வாத்து வெட்டிக் குடுத்தேன். நீதான் அதைத் தெருவுல விட்டெறிஞ்ச."

அவருக்கு ஞாபகம் வந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. "அவங்க கண்ணக் கட்டினது நீ. நான் அவங்களத் திட்டிக்கிட்டே இவ்வளவு காலம் ஓட்டிட்டேன். உன்னாலதான் எனக்கு ஒருத்தரும் வரல" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. மனைவிதான் போய் வந்தாள். இவர் பட்டறையில் இல்லாத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். வீட்டில் சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மத்தியானம் மனைவி காய் நறுக்கிக்கொண்டே பேச்செடுத்தாள். "அந்த ஆராய்ச்சிக்காரம்மா போன் பண்ணாங்க. நீங்க எடுக்கலயாம், எனக்குப் பண்ணாங்க."

"என்னவாம்?"

"நீங்க சொன்னதைக் கேட்டு அங்க எல்லாரும் ஆடிப் போய்ட்டாங்களாம். நல்ல வீடுன்னு எடுத்த எல்லா வீட்டுலயும் மறுபடி விசாரிக்கப் போறாங்களாம், மூத்த பிள்ளை யாராவது இருந்தாங்களான்னு. ஆராய்ச்சிய மூடுறதையும் இப்போதைக்குத் தள்ளி வச்சிருக்காங்களாம். நல்ல மாதிரியாத்தான் பேசுறாங்க அந்தம்மா. உங்கள மாதிரி வள்ளுன்னு விழல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். அண்ணி இதெல்லாம் பண்ணினப்ப அவங்களுக்கு என்ன வயசு?"

"அவ பெரியவ."

"பெரியவன்னா? என் வயசா?"

அவர் வாய்க்குள் கணக்குப் போட்டார். இதுவரை போட்டதே இல்லாத கணக்கு. "ஒம்போது இருக்கும். பத்து."

"நம்ம பொண்ணு அந்த வயசுல செருப்ப இடம் வலம் மாத்திப் போட்டுக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனா. நான் வாசல்ல நின்னு கத்துவேன், நீங்க சிரிப்பீங்க" என்றாள். அப்புறம் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். அவளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

ஷட்டர்க்காரர் சாப்பிடாமலேயே எழுந்து சட்டையை மாட்டினார்.

அக்கா பாதியாகியிருந்தாள். கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. போர்வை ஒரு பக்கம் தரையில் புரண்டு கிடந்தது; அதை இழுத்து மடிக்கக் கைக்குத் தெம்பில்லை. தலைமுடி சிக்குப் பிடித்துத் தலையணையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் ஒரு கை எழுந்து முடியை ஒதுக்கப் போய், பாதியில் விழுந்தது.

"வந்துட்டாரு மகாராஜா" என்றாள். "ஷட்டர் எல்லாம் சவுக்கியமா?"

"இருக்கு." அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது, வார்த்தையும் வராது. "சாப்பிட்டியா?" என்றார்.

அவள் வயிற்றை மெல்லத் தட்டினாள். "சாப்பிட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தவள் அவள்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது.

"அந்த ஆராய்ச்சிக்காரங்க மூத்த பிள்ளைங்களப் பத்தி விசாரிக்கிறாங்களாம்" என்றார். "அப்ப அவங்க சின்னதுங்கள மட்டும்தான் பார்த்தாங்களாம். பள்ளிக்கூடம் போற வயசு வந்துட்டா அவங்க கணக்குலயே வராதாம்."

"தெரியுமே" என்றாள் அக்கா. கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "உன் தலைய அளக்கும்போது நான் பக்கத்துலதான் நிப்பேன். நாடாவோட முனைய என்கிட்டதான் குடுப்பா அந்தம்மா, நழுவாம பிடிச்சுக்கடி கண்ணுன்னு. நானும் பிடிச்சுக்குவேன். ஒரு தடவை, உனக்கு அளந்து முடிச்சதும், நான் பக்கத்துல மண்டி போட்டு என் தலையையும் குனிஞ்சு காட்டினேன். சும்மா ஆசைக்குத்தான். சில்லுன்னு இருக்குமோ, கூசுமோன்னு. அந்தம்மா நாடாவச் சுருட்டிப் பையில போட்டுக்கிட்டு, சமத்துப் பொண்ணுன்னு கன்னத்தைத் தட்டிட்டுப் போயிட்டா."

அவர் கட்டிலுக்கடியில் இருந்த பையைத் துழாவிச் சீப்பை எடுத்தார். மேஜை மேலிருந்த டம்ளர் தண்ணீரில் அதை முக்கினார். கிரீஸ் ஏறிக் கறுத்த அந்தத் தடித்த விரல்களால், ஒரு சிக்கைப் பிரித்து, நெற்றியில் வகிடு எங்கே இருந்தது என்று தேடினார்.

அவள் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. பிடியில் வலு இல்லை. ஆனாலும் அவர் நின்றுவிட்டார்.

"சீவாத" என்றாள்.

"சிக்காக் கிடக்குக்கா."

"கிடக்கட்டும். போர்வையையும் எடுக்காத, அப்படியே விடு." மூச்சு வாங்கினாள். பிறகு தம்பியிடம் கடைசியாக ஒன்று கேட்டாள். அதைச் சொல்லி முடித்த பிறகு அவளுக்குப் பேசத் தெம்பு வரவில்லை. "அந்தப் பொண்ணப் போய்க் கூட்டிட்டு வா. நாடா, கருவி எல்லாம் எடுத்துட்டு வரட்டும். என்னையும் அளந்துக்கச் சொல்லு, என்னென்ன கேக்கணுமோ கேக்கச் சொல்லு. ஆனா என்னிக்கு வர்றாங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லாத. சொன்னா நான் எப்படியாவது எழுந்து, தலையச் சீவி, எல்லாத்தையும் மடிச்சு வச்சுட்டு, நல்லாத்தான் இருக்கேன்னு உக்காந்துருவேன்."